ஸ்ரீதேவியையும் பூதேவியையும் ஒன்றாக எழுப்பிய நாள்

எங்கள் கல்லூரி கம்ப்யூட்டர் லேப் பிள்ளைகள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் என்னை அதிலிருந்து தூக்கவில்லை, நல்ல பிள்ளைகள். போன மாதம் அங்கே சர்வர் அறையையே காலி செய்துவிட்டார்கள். எல்லாம் இப்போது வேறு எங்கேயோ, யாருடைய கட்டடத்திலோ ஓடுகிறதாம். காலியான அறையில் பரீட்சைத் தாள் கட்டுகளை அடுக்கி, படம் பிடித்துப் போட்டு, "மேடம், உங்க காலத்து சர்வர் கதை ஒண்ணு எழுதுங்க, ஜாலியா" என்று கேட்டார்கள். சரி, எழுதுகிறேன். ஜாலி எங்கே இருக்கிறது என்று நீங்களே தேடிக்கொள்ளுங்கள்.

நான் புத்தூர் பக்கத்துத் தமிழ்க் குடியானவர் வீட்டுப் பெண். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இங்கிலீஷ். ஹையர் பாஸ் பண்ணிவிட்டுத் திருப்பதியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் போனேன். "மாட்ட மேய்ச்சா பாலாவது கறக்கலாம். இத்த மேய்ச்சி இன்னாத்தக் கறக்கப் போற?" என்று நைனா கேட்டார். அதற்கப்புறம் சர்வீஸ் முழுக்க அதைத்தான் கறந்தேன். என் படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் உண்டு.

முதல் வேலை திருப்பதியில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில். உலகம் திறந்துவிட்டது என்று பேப்பர்காரர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம். எங்கள் பக்கத்துப் பையன்கள் பெங்களூர், ஐதராபாத், அமெரிக்கா என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். போக முடியாதவர்களிடம் அமெரிக்காவே மாடி ஏறி வந்தது. அங்கே டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு டேப்பில் பேசுவார்கள். அந்தக் குரல் நமக்குக் காலையில் வந்து சேரும். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துப் பெண்கள் ஐம்பது அறுபது பேர் காதில் மாட்டிக்கொண்டு டைப் அடிப்போம். சாயங்காலம் ஐந்து மணிக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அங்கே விடியும்போது டாக்டர் மேஜையில் இருக்க வேண்டும். கீழே முகூர்த்தம் என்றால் மேளச் சத்தத்தில் எவன் நெஞ்சுவலிக்காரன், எவன் மூட்டுவலிக்காரன் என்றே தெரியாது.

டைப் அடித்துக்கொண்டிருந்த என்னை சர்வர் அறைக்குள் இழுத்துக்கொண்டவர் பக்தவத்சலம் சார். ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து வந்தவர், சித்தூர்க்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒருநாள் பிரிண்டர் சிக்கியபோது எல்லாரும் அதைத் தட்டினார்கள்; நான் ஒருத்திதான் அதன் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தேனாம். "நீ வா" என்றார். அதுதான் என் இன்டர்வியூ.

அவர் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். எந்த மிஷின் நின்றாலும் ஓட மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையின் கடைசி வரியை வாய்விட்டுப் படிப்பார். "இன்னாம்மா சொல்லுது கடைசி வரி?" என்று என்னையும் படிக்கச் சொல்வார். "இதுக்கு முன்னாடி எது முடிஞ்சிது? இதுக்கு அப்பறம் எது வரணும்? ரெண்டுக்கும் நடுவுலதான் வியாதி கீது." பிறகு நீளமான ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறப்பார். யார், எந்த மிஷினில், எந்த ஃபைலைத் தொட்டது, எதற்காக என்று எழுதிவிட்டுத்தான் கீபோர்டைத் தொட வேண்டும். ஒரு தரம் நான் தொட்டுவிட்டு எழுதினேன். திட்டவில்லை. அன்று முழுக்க என்னை "நீங்க, வாங்க, போங்க" என்று கூப்பிட்டார். செத்துப் போகலாம் போலிருந்தது.

அவருக்கு அந்த வேலை ஏன் அத்தனை அவசியம் என்பது எனக்கு மட்டும் தெரியும். அவர் மனைவி சுலோசனா அம்மாவுக்குச் சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய்விட்டது. பிள்ளைகள் இல்லை. விடிகாலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டுத் திருப்பதி பஸ் ஏறுவார். பக்கத்து வீட்டம்மா மத்தியானம் எட்டிப் பார்ப்பார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இவர் வீட்டில் இருக்க வேண்டும். சென்னையில், பெங்களூரில் இரண்டு மடங்கு சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள். "சித்தூரு பஸ்ஸு போய்வர்ற தூரத்துல கீற ஒரே கம்ப்யூட்டர் வேலை இதாம்மா. இது போச்சின்னா அவளை யார் கையிலயாவது குடுத்துட்டுத்தான் நானு போவணும்" என்றார் ஒருநாள்.

அந்த வேலையும் ஆட்டம் காணத் தொடங்கியிருந்தது. அந்த வருஷம் லைன் அறுந்து இரண்டு தரம் வேலை தாமதமாகிவிட்டது. முதலாளி தெலுங்குக்காரர், கெட்டவர் இல்லை, பயந்தவர். அவர் எங்கள் அறை வாசலில் நின்று, "இங்கோசாரி லேட் அய்யிந்தண்டே பெங்களூர் வாள்ளகி இச்சேஸ்தா, பக்தா" என்றார். இன்னொரு தரம் தாமதமானால் சர்வர் வேலை மொத்தத்தையும் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிடுவார். சார் தலையை மட்டும் ஆட்டினார்.

சர்வர்கள் இரண்டு. முதலாளியின் மனைவி, நாங்கள் அம்மகாரு என்போம், அவற்றுக்கு ஸ்ரீதேவி, பூதேவி என்று பெயர் வைத்திருந்தார். திருப்பதியில் வேறென்ன பெயர் வரும்? குரல் எல்லாம் ஸ்ரீதேவியில். டைப் அடித்ததும், ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் உரிய மாதிரிப் படிவங்களும் பூதேவியில். ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிற ஃபோல்டரை இன்னொரு கம்ப்யூட்டர் தன்னுடையது போலத் திறந்துகொள்கிற ஏற்பாடு ஒன்று உண்டு, என்.எஃப்.எஸ் என்பார்கள். அதன்படி பூதேவி தொடங்கும்போதே ஸ்ரீதேவியிடம் குரல் ஃபோல்டரைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஸ்ரீதேவி யாரிடமும் எதையும் கேட்காது. நோட்டுப் புத்தகத்தில் சார் அதைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

புரட்டாசி பிறந்த சமயம் சார் மனைவியை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இரண்டு நாள் லீவு எடுத்தார். அந்த இரண்டு நாளில் நான்தான் ராணி. திருத்தம் பார்க்கிற பெண்கள் ஸ்ரீதேவியோடு இணைந்த ஹாலில் உட்கார்ந்திருப்பார்கள். மாதிரிப் படிவம் வேண்டுமென்றால் பூதேவியோடு இணைந்த ஹாலுக்கு எழுந்து நடக்க வேண்டும். "கஸ்தூரிக்கா, காலு ஒடியுது, எதுனா பண்ணேன்" என்று கெஞ்சினார்கள். நான் ஸ்ரீதேவியின் தொடக்கப் பட்டியலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: பூதேவியிடமிருந்து படிவ ஃபோல்டரை வாங்கிக்கொள். பெண்கள் கை தட்டினார்கள். முதலாளி வந்து, "ஷபாஷ் அம்மாயி" என்றார். நோட்டுப் புத்தகத்தில் அப்புறம் எழுதலாம் என்றிருந்தேன். சார் வந்ததும், சொல்லாமல் தொட்டதற்கு "நீங்க, வாங்க" என்பாரே என்று தள்ளிப் போட்டேன். அப்புறம் மறந்தே போனேன்.

ஆயுத பூஜை வந்தது. யூ.பி.எஸ், ஜெனரேட்டர் எல்லாம் இருந்ததால் வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் இரண்டு மிஷினும் சேர்ந்து அணையும். தூசி தட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி சாத்தி, தேங்காய் உடைத்து, நல்ல நேரத்தில் திரும்ப எழுப்ப வேண்டும். சாதாரண நாளில் ரிப்பேருக்கு நிறுத்தினால் ஒன்றை எழுப்பி, அது முழுதாக எழுந்த பிறகுதான் இன்னொன்று. சாரின் வரிசை அது. பூஜையன்று மட்டும் அது செல்லாது. "இத்தரு தேவேருலு, ரெண்டு பேரும் பெருமாளுக்குப் பெண்டாட்டிங்க. ஒருத்தியை முன்னாடி எழுப்பினா இன்னொருத்தி மனசு நோவும்" என்பார் அம்மகாரு. அவரும் முதலாளியும் ஆளுக்கொரு பட்டனில் விரல் வைத்து, மணி அடிக்கும்போது ஒன்றாக அழுத்துவார்கள். மூன்று வருஷமாக அப்படித்தான் நடந்தது, ஒரு தொந்தரவும் வந்ததில்லை. ஸ்ரீதேவி யாரையும் கேட்காது அல்லவா, அவள் பாட்டுக்கு எழுந்துவிடுவாள். பூதேவி கொஞ்சம் காத்திருந்து பின்னாலேயே எழுவாள்.

அந்த வருஷம் எட்டேகாலுக்கு மணி அடித்தார்கள், பட்டனை அழுத்தினார்கள். இரண்டு திரையிலும் வரிகள் ஓடின. நெட்வொர்க் ஃபோல்டர்களை இணைக்கிறேன் என்கிற வரியில் இரண்டும் நின்றன. சுண்டல் விநியோகம் முடிந்தும் நின்றன. ஒன்பது மணிக்கும் நின்றன.

எங்களுடைய லினக்ஸில் தொடக்க வரிசை இப்படி: முதலில் அடுத்தவரிடமிருந்து வாங்க வேண்டியதை வாங்கு, வெகுநேரம் கழித்துத்தான் உன்னுடையதை அடுத்தவருக்குக் கொடுக்கக் கதவைத் திற. ஸ்ரீதேவி பூதேவியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள், பூதேவி ஸ்ரீதேவியின் கதவை. இரண்டு பேருமே தன் கதவைத் திறக்கிற கட்டத்துக்கு வரவில்லை. "கிடைக்காவிட்டால் பின்னணியில் காத்திரு, மற்ற வேலை நடக்கட்டும்" என்று அந்த வரியில் ஒரு சின்னச் சொல் சேர்க்கலாம். சேர்க்காவிட்டால் அந்தக் காலத்து மிஷின் ஒரு வாரம்கூடச் சலிக்காமல் கேட்டுக்கொண்டே நிற்கும். இப்போது இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். அந்தக் காலையில் எனக்கு இது ஒன்றும் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

எல்லார் கண்ணும் போனது தேங்காய்த் தண்ணீர் மேல். அம்மகாரு உடைத்த தேங்காய், கேபிள்கள் எல்லாம் வந்து சேருகிற ஹப் பெட்டி மேல் தெறித்திருந்தது. சார் அதைக் கழற்றித் துடைத்தார்; நம்பாமல் வேறு ஹப் மாட்டினார். கேபிள்களை ஒவ்வொன்றாக மாற்றினார். வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தால் இரண்டு சர்வரும் "இருக்கிறேன்" என்று பதில் சொல்லின. லைன் நன்றாக இருந்தது. மணி பதினொன்று. அறுபது பெண்கள் ஹாலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி பட்டு வேட்டியோடு எங்கள் அறைக்குள் வந்து நின்றார்.

சார் உட்கார்ந்தார். கடைசி வரியைப் படித்தார். "பூதேவி நிக்கறது நியாயம். அது ஸ்ரீதேவியைக் கேக்குது, ஸ்ரீதேவி எழுந்திருக்கல. ஆனா ஸ்ரீதேவி இன்னாத்துக்கு இந்த வரில நிக்குது? அதுக்குக் கேக்கறதுக்குத்தான் யாருமே இல்லியே?" நோட்டுப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "கஸ்தூரி, அத்த சிங்கிள் மோட்ல எழுப்பி தொடக்கப் பட்டியலப் பாரு" என்றார். நெட்வொர்க் எதையும் தொடாமல் மிஷினைத் தனியாக எழுப்புகிற வழி அது. அவர் பூதேவியின் முன்னால் உட்கார்ந்துகொண்டார். அந்தத் திரையிலிருந்து இந்தத் திரை தெரியாது.

எழுப்பினேன். பட்டியலைத் திறந்தேன். கடைசியில் என் வரி இருந்தது.

எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. அதே நொடியில் இன்னொன்றும் புரிந்தது: இந்த வரியை இப்போதே அழித்துவிட்டு மிஷினைத் திரும்ப எழுப்பினால் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிடும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். என் விரல் கீபோர்டில்தான் இருந்தது.

"வெளிய யாரையாவது கேக்கற வரி கீதா?" என்று சார் அங்கிருந்தே கேட்டார்.

முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஷபாஷ் அம்மாயி என்று சொன்ன அதே முதலாளி.

"இல்ல சார்" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன் சார். இல்ல."

அழிக்கப் போனேன். அதற்குள் அவர் எழுந்து வந்துவிட்டார். "அப்ப டிஸ்க்குதான்" என்றார். ஸ்ரீதேவியின் டிஸ்க் இரண்டு மாதமாக டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வேறு மாற்ற வேண்டும் என்று நோட்டில் மூன்று தரம் எழுதியிருந்தார். "சாவற டிஸ்க்க ஓட்டிக்கினே இருந்தா உள்ள கீறதும் போயிரும்" என்று கையை நீட்டி பவரை அணைத்தார். திரை கறுத்துப் போனது.

இரண்டு அடி எடுத்து வைத்து அவரே திரையைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை, ஏனென்றால் நான் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். நாலு வருஷம் கற்றுக்கொடுத்தவர் என் கண்ணைத் தன் கண்ணாக நினைத்தார். "சார், இருங்க" என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை. எனக்குத் தொண்டையில் வியாதி ஒன்றும் இல்லை. பயம், மானம், வேலை போய்விடுமோ என்கிற நடுக்கம். வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

பழைய டிஸ்க்கைக் கழற்றி உறையில் போட்டார். சாமான் பெட்டியில் இருந்த சின்ன டிஸ்க்கை மாட்டி லினக்ஸைப் புதிதாக ஏற்றத் தொடங்கினார். நகல் எடுத்த டேப்பை அதே கட்டடத்தில் வைக்கக் கூடாது என்பது அவர் போட்ட விதி. அது முதலாளி வீட்டுப் பீரோவில் இருந்தது. சாரே ஆட்டோ பிடித்து எடுத்துவரப் போனார். பிரம்மோற்சவக் கூட்டம், போய்வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பழைய டிஸ்க் மேஜை மேல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மாட்டி, வரியை அழித்து எழுப்பிவிடலாம் என்று பத்துத் தரம் எழுந்தேன். முதலாளி அந்த அறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பத்துத் தரமும் உட்கார்ந்தேன்.

டேப்பில் முந்தின நாள் வரைதான் இருந்தது. அன்று காலை வந்த குரல் இல்லை. மறுபடி அனுப்பச் சொல்லி அமெரிக்காவுக்குக் கேட்க வேண்டியதாயிற்று. கேட்டதிலேயே மானம் போனது. எல்லாம் ஓடத் தொடங்கியபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. புது டிஸ்க்கில் என் வரி இல்லை அல்லவா, அதனால் இரண்டும் அழகாக எழுந்தன. "பாத்தியா, டிஸ்க்குதான்" என்றார் சார். சிரித்தார். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அமெரிக்காவிலிருந்து மறுபடி வந்து சேராத காலைக் குரல்களைப் பழைய டிஸ்க்கிலிருந்து எடுக்க முடியுமா என்று பெங்களூர் கம்பெனிக்கே அனுப்பினார்கள். டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதி வந்தது. முதலாளி அந்தக் காகிதத்தைச் சாரிடம் நீட்டினார். சார் வாங்கி, நின்றபடியே இரண்டு தரம் படித்தார். "நல்ல டிஸ்க்கக் கழட்டிட்டனா?" என்றார், என்னிடம் இல்லை, காகிதத்திடம். அந்த வாரமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். நான் சாமான்களை எடுத்து வைக்க உதவினேன். "வயசாயிருச்சி கஸ்தூரி. டிஸ்க்கு சத்தம் கூட காதுக்குப் புரியல பாரு" என்றார். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். அப்போதும் சொல்லவில்லை.

அவர் நாற்காலி எனக்கு வந்தது. பெங்களூர்க்காரர்கள் போனில் சொல்வதை இங்கே செய்ய ஒரு கை வேண்டியிருந்தது.

சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரிகளில் கேட்டுப் பார்த்தாராம். சீசனுக்கு மூன்று மாதம் எடை போட ஆள் வேண்டும் என்றார்களாம். கடைசியில் ஒரு ஏஜென்டைப் பிடித்து மஸ்கட் போனார். சுலோசனா அம்மாவைக் குப்பம் என்கிற ஊரில் அந்த அம்மாவின் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். இதெல்லாம் எனக்குக் காதுவழிச் செய்தி. எனக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தது, அந்தக் கம்பெனி மூடிப்போய் சித்தூர்க் கல்லூரியில் சேர்ந்தேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எனக்கு ஜுரம் வரும். வீட்டில் கண்திருஷ்டி என்று சுற்றிப் போடுவார்கள்.

ஆறு வருஷம் கழித்து, சார் திரும்பி வந்துவிட்டார், குப்பத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். கிரானைட் அறுக்கிற பட்டறைக்குப் பின்னால் வீடு. இளைத்துப் போயிருந்தார். சுலோசனா அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சாரே காபி போட்டுக்கொண்டு வந்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன்.

"சார், அன்னிக்கு ஸ்ரீதேவில ஒரு வரி இருந்துது. நான் போட்டது. நீங்க கேட்டப்ப என் கண்ணு முன்னாடியே இருந்துது. இல்லன்னு சொன்னேன்."

பட்டறையில் கல் அறுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எந்த ஃபோல்டரு?" என்றார்.

"படிவம், சார். பூதேவில இருந்து."

"பின்னணியில காத்திருன்னு போடலியா?"

"போடல சார்."

விரலை மடக்கினார். "இது அத்தக் கேக்கும். அது இத்தக் கேக்கும். ரெண்டும் நிக்கும்." இன்னொரு விரலை மடக்கினார். "வரி இருந்தா வரி. வரி இல்லன்னா டிஸ்க்கு. நீ இல்லன்ன." முகம் மெல்ல மாறியது. நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். அவர் மனைவி பக்கம் திரும்பினார். "சுலோ, கேட்டுக்கினியா? எனக்கு மூளை மங்கிப் போச்சின்னு நெனச்சிக்கினு இருந்தனே? இனிமே மிஷினத் தொடக்கூடாதுன்னுதானே அங்க போயி ஸ்டோர்ல அட்டப்பொட்டி எண்ணிக்கினு கெடந்தேன்? மங்கல சுலோ. நான் சரியாத்தான் பாத்துக்கீறேன்."

சிரித்தார். கண்ணில் தண்ணீர் இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், செருப்பால் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

சுலோசனா அம்மா என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஆறு வருசம்மா" என்றார். "எங்க அண்ணி வேளைக்குச் சோறு போட்டாங்க, கொறை சொல்லக்கூடாது. ஆனா தட்டுல எது எங்க கீதுன்னு சொல்ல மாட்டாங்க. இவரு சொல்லுவாரு. சோறு இந்தப் பக்கம், கொழம்பு இந்தப் பக்கம், அப்பளம் ஓரத்துல கீதுன்னு. ஆறு வருசம் நானு தட்டத் தடவிக்கினே துன்னேன்."

அவர் குரலில் கோபமே இல்லை.

"காபி ஆறிப்போவுது பாரு. குடிச்சிட்டுக் கெளம்பு. சித்தூரு பஸ்ஸு நாலு மணிக்குக் கீது."

குடித்துவிட்டுக் கிளம்பினேன்.